கழியைச் சுற்றிக்கொண்டே இரு

தம்பி,

நீ செய்கிற தூண்டில் கழியின் படம் வந்தது. அப்போ இங்கே ராத்திரி பதினொன்றரை, கனடாவில் உன் கால்கரியில் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு. ஜன்னலில் நல்ல வெயில் தெரிந்தது.

ஒன்பது அடி, நாலு துண்டு. சிவப்பு நூல் ஒரு சுற்றுகூட விலகவில்லை. காசிமேட்டில் எல்லோருக்கும் காட்டினேன். கடையில் வாங்காமல் ஏன் தானே செய்கிறான் என்று ஒருத்தன் கேட்டான். என் பிள்ளைக்குக் கைவேலை வரும்டா என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். டிரவுட் மீன் பிடிக்கப் போகிற ஆற்றுக்குப் பேரே ‘போ’ என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கழியில் வைத்துக் கட்டுகிற வளையத்தின் காலை அரத்தால் நன்றாக ராவினாயா? அங்கே மேடு இருந்தால் நூல் ஏறாது. எபாக்சியை ஒரே தடவையில் தடியாகப் பூசாதே, மெல்லிசாக இரண்டு தடவை பூசு. மோட்டார் வாங்கவில்லை, கையாலேயே சுற்றுகிறேன் என்கிறாய், சரி, ஆனால் பூசினதிலிருந்து கழியைச் சுற்றிக்கொண்டே இரு, விட்டால் பசை ஒரு பக்கமாக இறங்கித் தொங்கும். முன்னெல்லாம் மோட்டார் மாதிரி சாமானுக்கு நீ யோசிக்க மாட்டாய். சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்காதே. இரண்டு மாதமாக உன் குரலே கேட்கவில்லை, அம்மா வேலை அதிகம் போல என்கிறாள், நானும் ஆமாம் என்கிறேன்.

இங்கே தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள், படகு கரையில்தான். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கண்டதும் ஞாபகம் வருகிறது.

நீ எட்டாவது படிக்கும்போது கடலரிப்புக்குப் போட்ட தூண்டில் வளைவுக் கல்மேல் வைத்து உன் மூங்கில் கழியை உடைத்தேனே, பள்ளிக்கூடம் போகாததற்கு உடைத்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருப்பாய். இல்லைடா. படகு ஓனர் அப்போ என்னை நிறுத்தியிருந்தான். இருபது நாளாக டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பி அந்தக் கல்லில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டாய். அதற்குத்தான் உடைத்தேன். ஆயா உனக்கு வாங்கிக் கொடுத்த கழி அது.

அம்மாவுக்கு இன்றைக்கு வரை தெரியாது, நீயும் சொல்லவில்லை.

எபாக்சி பூசினால் சுற்றிக்கொண்டே இரு, மறந்துவிடாதே. போன் பண்ணு. உனக்குப் பகல் பன்னிரண்டு தோதென்றால் அப்போதே பண்ணு, நான் தூங்கியிருக்க மாட்டேன்.

நைனா