எழுத்து ஓடும்போது எங்கே போனாய்?

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். இரண்டு நாளாக விடாத மழை, ஒழுங்கையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர்.

ஒரு புதினம். அக்காவின் மகன் குறும்படம் எடுத்திருக்கிறான். பேய்க்கதை. "மாமா, டைட்டிலை மட்டும் ஒருக்கா பாருங்கோ" என்று மடிக்கணினியோடு வந்து நின்றான். கறுப்புத் திரை, இரத்தம் சொட்டும் எழுத்து, ஓநாய் ஊளை. கொழும்பில் எங்கேயடா ஓநாய் என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது.

அப்போது உன் நினைவு வந்தது. சவோய் தியேட்டரில் ஒரு படத்திலாவது, தொடக்கத்தில் பெயர்கள் வரும் அந்த எழுத்து ஓடுவதை என்னை ஒழுங்காகப் பார்க்க விட்டிருக்கிறாயா? நீ கச்சான் வாங்கி வருவதற்குள் இயக்குநர் பெயரும் போய்விடும். சரி, குற்றம் உன்னுடையது மட்டுமல்ல. அமெரிக்காவிலேயே அந்தக் காலத்தில் பல தியேட்டர்களில் எழுத்து முடிந்த பிறகுதான் திரைச்சீலையை விலக்குவார்களாம். 1955இல் ‘த மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ வந்தபோது, எழுத்துக்கு முன்பே சீலையைத் திறக்கச் சொல்லிப் படப்பெட்டியில் குறிப்பு வைத்து அனுப்பினார்கள். அந்த எழுத்தோட்டத்தைச் செய்தவர் சோல் பாஸ். சில வெள்ளைக் கோடுகள், கடைசியில் கோணிப்போன ஒரு கை. போதைக்கு அடிமையானவனின் கதையை ஊசி எதையும் காட்டாமலே தொடங்கிவிட்டார்.

அதே ஆள் 1960இல் ‘சைக்கோ’ என்ற கொலைப் படத்துக்குச் செய்ததை மருமகனுக்குப் போட்டுக் காட்டினேன். சாம்பல் நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிப் பெயர்களை வெட்டிப் போடும். பெர்னார்ட் ஹெர்மனின் இசையில் நரம்பு வாத்தியங்கள் மட்டும். அவ்வளவு அமளிக்குப் பிறகு கதை என்ன? வேலை செய்யும் இடத்தில் 40,000 டொலரை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஒரு பெண். நெடுநேரம் அது வெறும் திருட்டுக் கதைதான், கத்தியும் இல்லை கொலையும் இல்லை. ஆனால் அவள் கார் ஓட்டிப் போகும்போது எழுத்தோட்டத்தின் இசை திரும்ப வருகிறது. அவள் பயப்படுவது பொலிஸுக்கு. நாங்கள் பயப்படுவது வேறு எதற்கோ. அந்த இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டுப் பார், படத்தின் முதல் பாதியில் பெரும்பாலும் உயிரே இருக்காது.

‘த ஷைனிங்’ (1980) என்ற பேய்ப்படம் இன்னும் பொல்லாதது. பட்டப்பகல், மலை, ஏரி, வளைந்து போகும் வீதியில் ஒரு சின்ன வோக்ஸ்வாகன் கார். சுற்றுலா விளம்பரம் போலத்தான் இருக்கும். ஆனால் மேலிருந்து அந்தக் காரைப் பின்தொடர்வது யாருடைய கண்? அடியில் ஒலிப்பது பழைய இலத்தீன் மரணப் பாட்டின் மெட்டு. எழுத்துகளோ படம் முடிந்துவிட்டது போலக் கீழிருந்து மேலே ஏறிப் போகின்றன.

என்ன வகைப் படம் என்பதை எழுத்தோட்டமே உணர்த்திவிடும் என்றேன். மருமகன் சும்மா இருப்பானா? "அப்ப ரஜினி?" என்றான். ‘அண்ணாமலை’யில் (1992) புள்ளி புள்ளியாக ஒளிர்ந்து ‘சூப்பர் ஸ்டார்’ என்று வருமே, தேவாவின் இசையோடு? அது காதல் படமா, அடிதடிப் படமா என்று எதையும் சொல்லவில்லை. வருகிற ஆளே அங்கே படத்தின் வகை. விசிலடித்தவர்களுக்கு வேறு தகவல் தேவைப்படவில்லை. நியாயமான கேள்விதான், கொஞ்சம் திணறிவிட்டேன்.

கடைசியில் ஓநாயைத் துரத்திவிட்டோம். மழை விட்ட ஒரு மாலை கடற்கரைத் தண்டவாளத்தை அசையாமல் படம்பிடித்தான். சின்ன வெள்ளை எழுத்து, இசை கிடையாது. ரயில் நெருங்கி வந்து கடந்து போகும் சத்தம் முழுதாகக் கேட்கும், தண்டவாளம் மட்டும் வெறுமையாகவே கிடக்கும். நேற்று அக்காவுக்குப் போட்டுக் காட்டினோம். எழுத்து முடிந்து கதை தொடங்கிய பிறகும் "டேய், கோச்சி எங்கேயடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறாய். சவோய்க்குப் போவோம். கச்சானை வரும் வழியிலேயே வாங்கிவிடு.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து இருக்கைக்காரன்