கால்பந்து ரசிகர்கள் நாடு கடந்து ஒன்றுபட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துத் தொடர் நடக்குமா நடக்காதா என்று மாதக்கணக்கில் இழுபறி நீடித்து, ஒருவழியாக 2026 பிப்ரவரியில் தொடங்கியது. அதுவரை நடந்த பேச்சுவார்த்தைகளை, டிக்கெட் வாங்கும் நாங்கள் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஐரோப்பாவில் பல நாட்டு ரசிகர் அமைப்புகள் 'ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் யூரோப்' என்ற குடையின் கீழ் இயங்குகின்றன. 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று 'சூப்பர் லீக்' என்ற தனித் தொடரை அறிவித்தபோது, பரம வைரிகளான அணிகளின் ரசிகர்களும் ஒருசேர எதிர்த்தனர்; இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, அதிகம் பேசப்படாத டிக்கெட் விலை விவகாரத்தைத்தான். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் வெளியூர் அணியின் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 70 யூரோ என்று இருந்த உச்சவரம்பு, ரசிகர்கள் விடாமல் வலியுறுத்தியதன் பின்னணியில், 2024-25 பருவத்தில் 60 யூரோவாகக் குறைக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ரசிகர்கள் பகை மறந்து கைகோத்ததுண்டு. 2024 ஆகஸ்ட் 18 அன்று கொல்கத்தாவில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் ரத்தானபோது, இரு அணிகளின் ரசிகர்களும் அந்நகரின் மற்றொரு அணியான முகமதனின் ரசிகர்களோடு சேர்ந்து சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே திரண்டு, அந்நகரின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவருக்கு நீதி கேட்டனர். ரசிகர் மன்றம் என்றாலே கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் என்று பழகிவிட்ட நம் ஊருக்கு இது புதிதாகத் தோன்றலாம்.

சென்னையில் இந்த ஒற்றுமையை நேரு ஸ்டேடியத்தின் வாயிலிலிருந்தே தொடங்கலாம். கொச்சியிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கும் மஞ்சள் சட்டைக்காரரான கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகருக்கு எந்த வாயில் வழியாக நுழைவது, முதுகுப்பையையும் பவர் பேங்கையும் எங்கே வைப்பது, ஆட்டம் முடிந்து நள்ளிரவில் சென்ட்ரலுக்கு எப்படிப் போவது என்று சொல்ல ஆள் வேண்டும். இங்கிலாந்து ரசிகர் என்றாலே கலகக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டிருந்த காலத்தில், 1990 இத்தாலி உலகக் கோப்பையின்போது, அந்நாட்டு ரசிகர் சங்கத்தார் தம்மவர்களுக்காக இப்படியொரு உதவி மையத்தைத்தான் நடத்தினார்கள்.

கடல் கடந்து கைகோக்க நமக்கு மொழியும் துணையிருக்கிறது. மலேசிய அணியின் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்தையும் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தியையும் கொண்டாடியவர்களில் தமிழர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கால்பந்து ஊர்த்திருவிழா போலவே நடக்கிறது. ஆனாலும் அவர்களுக்கும் வியாசர்பாடிக்காரர்களான எங்களுக்கும் இடையே இந்த விளையாட்டின் பேரில் ஒரு கடிதப் போக்குவரத்துகூட இல்லை.

எனவே, சென்னை ரசிகர் குழுக்கள் அடுத்த பருவத்தின் அட்டவணை வெளியாகும் முன்பே கொச்சி, பெங்களூரு குழுக்களை அழைத்து, டிக்கெட் விலை, வெளியூர் ரசிகர்களுக்கான பகுதி, காவல்துறையினரின் அணுகுமுறை ஆகிய மூன்றையும் ஒரே மனுவாக எழுதித் தர வேண்டும். அதன் நகலைக் கோலாலம்பூர், சிங்கப்பூர், யாழ்ப்பாண ரசிகர்களுக்கும் அனுப்பி அவர்கள் ஊர் நிலவரத்தைக் கேட்டறிய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை – 39.