செயின்ட் கில்டா கழகத்துக்கு ஒரு திறந்த மடல்: பத்தாம் இடம் இலக்காகாது

மதிப்புக்குரிய தலைவர் ஆண்ட்ரூ பாசட் அவர்களுக்கும், இயக்குநர் குழுவினருக்கும், தலைமைப் பயிற்சியாளர் ராஸ் லயன் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் உயர்மட்டப் போட்டியான ஏஎஃப்எல்லில் 2026ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம் நமக்கு மார்ச் 8 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்சிஜியில் காலிங்வுட்டுக்கு எதிராகத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இந்தக் கோடை மாதங்களில் கழகங்கள் தம் உறுப்பினர்களுக்கு அனுப்பும் செய்திகளை வரிசையாகப் படித்தால் ஒரே கை எழுதியதைப் போல இருக்கும். வீரர்கள் எல்லாரும் உடலை வலுப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் யாரோ ஓர் இளைஞர் தன் பழைய நேரத்தை முறியடித்திருக்கிறார். காயம்பட்டவர்கள் திட்டமிட்டபடி தேறி வருகிறார்கள். இவை பொய் என்று நான் சொல்லவில்லை. பதினெட்டுக் கழகங்களும் இதையே சொல்வதால், இவற்றை வைத்து எதையும் எடைபோட முடியாது என்றுதான் சொல்கிறேன். நான் உங்களிடம் கேட்பது வேறு. இந்த ஆண்டு எந்த இடத்தில் முடித்தால் அதை வெற்றி என்று கழகம் கருதும் என்பதை, முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, உறுப்பினர்களிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்கு முந்தைய ஆண்டுகளில் தேவை இருக்கவில்லை. முதல் எட்டு இடங்களுக்குள் வந்தால் இறுதிச் சுற்று, வராவிட்டால் வீடு என்ற கோடு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இந்த ஆண்டு அந்தக் கோடு மங்கிவிட்டது. முதல் ஆறு கழகங்கள் நேரே இறுதிச் சுற்றுக்குப் போக, ஏழாவது அணிக்கும் பத்தாவது அணிக்கும் இடையே ஒன்றும், எட்டாவது அணிக்கும் ஒன்பதாவது அணிக்கும் இடையே ஒன்றுமாக இரண்டு வைல்டு கார்டு ஆட்டங்கள் நடக்கும். அவற்றில் வெல்பவர்கள் எஞ்சிய இரண்டு இடங்களை நிரப்புவார்கள். ஆகவே, பத்தாம் இடத்தில் முடித்த ஒரு கழகம், ஒரே ஓர் ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டு, இறுதிச் சுற்றின் வாசல்வரை போனோம் என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ள இனி வழி உண்டு. அந்த வரியை நம் கழகம் எழுதக் கூடாது.

கடந்த ஆண்டின் புள்ளிப்பட்டியலைப் பாருங்கள். ஹாதோர்ன் 15 வெற்றிகளோடு எட்டாம் இடத்தைப் பிடித்தது. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 14 ஆட்டங்களில் வென்றும் ஒன்பதாம் இடத்தோடு வெளியேறியது. சிட்னிக்கு 12 வெற்றிகள், பத்தாம் இடம். நமக்கு 9 வெற்றி, 14 தோல்வி, பன்னிரண்டாம் இடம். மூன்று ஆட்டங்களைக் கூடுதலாக வென்றால் வைல்டு கார்டு கிடைத்துவிடும். எட்டுக்குள் வருவதற்கோ ஆறு ஆட்டங்களைக் கூடுதலாக வெல்ல வேண்டும். மூன்று கூடுதல் வெற்றிகள் நாம் இப்போது சேர்த்திருக்கும் வீரர்களின் தரத்தாலேயே வந்துவிடக்கூடியவை. ஆறு வர வேண்டுமானால் ஆடும் முறையே மாற வேண்டும். லயன் அவர்கள் திரும்பி வந்த 2023இல் 13 வெற்றிகளும் ஆறாம் இடமும் கிடைத்தன, 2024இல் 11 வெற்றிகள், 2025இல் 9. பின்கள வீரர் ஜாஷ் பேட்டில் ஹாதோர்னுக்குப் போனதும், முன்கள வீரர் மேக்ஸ் கிங் சென்ற ஆண்டு முழுவதும் முழங்காலால் களம் இறங்காமல் போனதும், இளையவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்ததும் இந்தச் சரிவுக்குக் காரணங்களே. இருந்தும், ஆண்டுக்கு இரண்டு வெற்றி வீதம் இறங்கிவந்த அணியை ஒரே கோடையில் ஆறு வெற்றி மேலே ஏற்றுவது எளிதன்று என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மேலே போவதே மரியாதை.

சென்ற அக்டோபரில் கழகம் செய்தது துணிச்சலான வேலை. கார்ல்டனிலிருந்து டாம் டி கோனிங், ஜாக் சில்வானி; கோல்டு கோஸ்ட்டிலிருந்து சாம் ஃபிளாண்டர்ஸ்; வெஸ்ட் கோஸ்ட்டிலிருந்து லியம் ரயன். வீரர்கள் நம்மைவிட்டுப் போவதையே பார்த்துப் பழகிய நமக்கு, நால்வர் ஒருசேர நம் பயிற்சித் தளமான மொராபினுக்கு வந்தது புதிய அனுபவம். முன்னாள் வீரரின் மகனை அவர் ஆடிய கழகத்துக்கே முன்னுரிமையாகத் தரும் தந்தை மகன் விதியும், தம் பகுதி இளைஞர்களைத் தம் கழகங்களுக்காக வளர்க்கும் வடக்கு மாநில அகாடமிகளும், கழகங்கள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் சமநிலையைக் குலைக்கின்றன என்று தலைவர் அவர்கள் பொதுமேடையில் முறையிட்டபோது பலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த முறையீட்டில் நியாயம் இருப்பதாகவே பட்டது. முறையிட்டதோடு நில்லாமல் பணப்பையைத் திறந்தீர்கள் என்பதும் சரியே. அதேவேளை, பல ஆண்டுகள் அணித்தலைவராக இருந்த ஜாக் ஸ்டீலை மெல்பர்ன் கழகத்துக்கு அனுப்பியதையும் அதே கணக்கில் எழுத வேண்டும். அவருடைய கால்கள் முன்பு போல ஓடவில்லை என்பது உண்மைதான். ஆனால் நெருக்கடியான ஐந்து நிமிடங்களில் பந்தின் மேல் விழுந்து கிடப்பதற்கு ஒருவர் வேண்டும், அந்த வேலை இனி யாருடையது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நால்வரில் நான் அதிகம் யோசிப்பது டி கோனிங்கைப் பற்றித்தான். ரோவன் மார்ஷல் ஜீலாங்குக்குப் போக விரும்புகிறார் என்று செய்திகள் வந்தபோது கழகம் அவரை விடவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் நல்ல ரக்மேனை, அதாவது நடுவர் மேலே அனுப்பும் பந்தைத் தாவித் தட்டிவிடும் உயரமான வீரரை, யாரும் எளிதில் விட மாட்டார்கள். ஆனால் முதல்தர ரக்மேன்கள் இருவரை ஒரே அணியில் வைத்திருப்பவர்கள் அவர்களை எப்படி ஆடவிடப் போகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆண்டின் புதிய விதிகள் இதற்கு ஓரளவு துணை செய்கின்றன. நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழச் செய்யும் பழைய சென்டர் பவுன்ஸ் போய்விட்டது. இனி மேலே எறிந்துதான் ஆட்டம் தொடங்கும். ரக்மேன்கள் நடுக்கோட்டைத் தாண்டி ஒருவரையொருவர் முன்கூட்டியே நெருக்கிப் பிடிக்கவும் கூடாது. உடல் எடையால் தள்ளி இடம் பிடிப்பவரைவிட ஓடிவந்து எகிறுபவருக்கு இது சாதகம். எகிறுவதில் டி கோனிங்குக்கு இணையானவர்கள் இந்தப் போட்டியில் மிகச் சிலரே. மார்ஷலின் வலிமையோ வேறிடத்தில் இருக்கிறது. பந்து தரைக்கு வந்த பிறகு மூன்றாவது நடுக்கள வீரரைப் போல அதைத் தொடர்ந்து ஓடுவதும், பின்னால் இறங்கி நின்று, உதைத்த பந்தைத் தரைபடும் முன் கையில் ஏந்தி மார்க் பிடிப்பதும்தான் அவரை மதிப்புள்ளவர் ஆக்குபவை.

ஆகையால் நடுவட்டத்தில் டி கோனிங்கும், மைதானத்தின் மற்ற இடங்களில் பெரும்பாலும் மார்ஷலும் என்று வேலையைப் பிரிப்பதுதான் என் கண்ணுக்குத் தெரிகிற வழி. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடு நீங்கி, ஆட்டத்தின் நடுவே மாறி மாறி இறங்குபவர்களுக்கான இன்டர்சேஞ்ச் பெஞ்சில் ஐவர் உட்காரலாம் என்று ஆகியிருப்பதால், இரண்டு உயரமானவர்களைச் சுமப்பதன் செலவும் குறைந்திருக்கிறது. என் அச்சமெல்லாம், வேலையைப் பிரிப்பதற்குப் பதிலாக இருவரில் ஒருவரை ஆட்டத்தின் பாதி நேரம் முன்கள மூலையில் நிறுத்திவிடுவீர்களோ என்பதுதான். முன்களத்தில் மேக்ஸ் கிங் இல்லாத குறையை ரக்மேனைக் கொண்டு மறைக்கும் பழக்கம் நமக்கு வந்துவிடக் கூடாது. பிப்ரவரிப் பயிற்சி ஆட்டங்களில் யார் வென்றார்கள் என்பதை நான் பார்க்கப் போவதில்லை; மார்ஷல் எத்தனை முறை கோல் முகத்துக்கு அருகில் சும்மா நிற்கிறார் என்பதைத்தான் பார்ப்பேன்.

மேக்ஸ் கிங்கைப் பற்றி நீளமாக எழுத மனம் வரவில்லை. 2018 டிராஃப்ட்டில் நான்காவதாக எடுக்கப்பட்டவர். உடல் ஒத்துழைத்த நாட்களில் இந்த மாநிலத்தின் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர். அவர் வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் திட்டம் நிற்கும் என்ற நிலையில் கழகம் இருக்க வேண்டும். லியம் ரயன் அந்த இடத்தை நிரப்ப வந்தவர் அல்லர். அவர் சிறிய உருவத்தினர், காற்றில் மிதப்பவர். 2018 இறுதிப் போட்டியில் டாம் ஷீட் வெற்றி கோல் அடிப்பதற்கு முந்தைய உதை அவர் காலிலிருந்து வந்தது. உயரமான ஒருவர் முன்னால் நின்று தடுப்பவர்களை இழுத்தால்தான் ரயன் போன்றவருக்கு இடம் கிடைக்கும். மிச் ஓவன்ஸும் கூப்பர் ஷார்மனும் அந்தச் சுமையை இன்னும் ஓர் ஆண்டு தாங்க நேரலாம். அப்படியானால் அதையும் சொல்லிவிடுங்கள்.

நம் இளம் நட்சத்திரம் நசாயா வாங்கனீன்-மிலெராவுக்கு வருகிறேன். 2025 ஜூலை 27 அன்று டாக்லண்ட்ஸ் மைதானத்தில் மூன்றாம் கால்பகுதி முடிவில் மெல்பர்ன் கழகத்தைவிட 46 புள்ளிகள் (ஒரு கோலுக்கு ஆறு புள்ளி) பின்னால் நின்றோம். அந்த நிலையிலிருந்து வென்ற அணி இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதற்கு முன் கிடையாது. சில நொடிகளே மிச்சமிருக்கும்போது கூட்டத்துக்கு மேலே எழும்பி மார்க் பிடித்து, கோல் அடித்து நசாயா ஆட்டத்தைச் சமன் செய்தார். நடுவட்டத்தில் அடுத்த தொடக்கத்துக்கு மெல்பர்ன் வீரர்கள் விதிப்படி மைதானத்தின் மூன்று பகுதிகளிலும் ஆறு ஆறு பேராக நிற்கத் தவறியதால், நடுவர் பந்தை மார்ஷலிடம் கொடுத்தார். அவர் நீளமாக உதைத்ததை மீண்டும் நசாயாவே பிடித்தார். மணி ஒலித்த பிறகு உதைத்தார். ஆறு புள்ளிகளில் வென்றோம். அந்த நிமிடத்தில் என் பக்கத்து இருக்கையிலிருந்த பெரியவர் எழுந்து கத்தவில்லை. கழுத்துத் துண்டை இரு கைகளாலும் வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 1966க்குப் பிறகு ஒரு கோப்பையும் காணாத கழகத்தின் ஆதரவாளர் மகிழ்ச்சியை எப்படி நம்பத் தயங்குவார் என்பதற்கு அதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

சில நாட்களில் நசாயா நம்மோடு தொடர்ந்து இருக்க ஒப்புக்கொண்டார். அடிலெய்டின் இரண்டு கழகங்களும் சொந்த ஊருக்கு அழைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அது பெரிய வெற்றி. ஆனால் அந்த ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கானது. 2027 முடிவில் அவர் மீண்டும் யோசிப்பார். கழகத்தின் கடிகாரம் அவருடைய ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது என்பதை இயக்குநர் குழு என்னைவிட நன்றாக அறியும். 2026இல் பத்தாம் இடம், 2027இல் எட்டாம் இடம் என்று படிப்படியாக ஏறுவது காகிதத்தில் அழகாக இருக்கும். அப்படி ஏறி முடிக்கும்போது ஏணியைப் பிடித்திருக்க அவர் அங்கே இருப்பாரா என்பதுதான் கேள்வி.

அவரை எங்கே ஆட வைப்பது என்பதிலும் ஒரு சொல் உண்டு. பின்களத்தின் முன்வரிசையான ஹாஃப் பேக்கில் தொடங்கிய அவர் சென்ற ஆண்டின் பிற்பாதியில் நடுக்களத்துக்கு வந்தபோது அணியின் நடையே மாறியது. ஃபிளாண்டர்ஸின் வருகைக்குப் பிறகு அவரை மறுபடியும் பின்னுக்கு இழுக்கும் ஆசை பயிற்சியாளர்களுக்கு எழக்கூடும். பின்னாலிருந்து அவர் உதைக்கும் பந்து அவ்வளவு துல்லியம். அந்த இடத்தில் ஆட ஜாக் சின்க்ளேர் இருக்கும் வரையில் அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோல்டு கோஸ்ட்டில் நடுக்களத்தில் நிலையான இடம் கிடைக்காமல் அலைந்த ஃபிளாண்டர்ஸுக்கும், யாரை எங்கே நிறுத்தப் போகிறோம் என்ற தெளிவு பிப்ரவரியிலேயே வேண்டும்.

பின்களம் எனக்குக் கவலை தராத பகுதி. கேலம் வில்கி இருக்கிறார். சில்வானி உடல் நலத்தோடு ஆடினால் வில்கிக்கு முதல்முறையாக மூச்சுவிட நேரம் கிடைக்கும். அலிக்ஸ் டவ்ரு பந்தை நோக்கித் தாவும் விதத்தைப் பார்ப்பதற்கே டிக்கெட் வாங்கலாம். கவலை அங்கிருந்து பந்து வெளியே வரும் வழியில் இருக்கிறது. லயன் அவர்களின் அணிகள் நெருக்கடியில் எல்லைக்கோட்டை ஒட்டியே பந்தை நகர்த்தி, ஆபத்து வந்தால் வெளியே தள்ளிவிட்டு மீண்டும் அணிவகுத்து நிற்கும். அது தவறான முறையன்று. அவர் முதல்முறை நமக்குப் பயிற்சியளித்த காலத்தில், 2009இல், முதல் 19 ஆட்டங்களிலும் தோல்வியறியாமல் போனது அந்தக் கட்டுப்பாட்டால்தான். ஆனால் இந்த ஆண்டு முதல், இரு கோல் முனைகளிலும் வரைந்திருக்கும் ஐம்பது மீட்டர் வளைவுகளுக்கு இடையே கடைசியாகப் பந்தை அனுப்பியவரிடமிருந்து அது வெளியே போனால், எதிரணிக்கு ஃப்ரீ கிக். எல்லைக்கோடு இனி ஒளிந்துகொள்ளும் இடமாக இருக்காது. மைதானத்தின் நடுவழியே துணிந்து உதைக்கும் பழக்கத்தை இந்தக் கோடையில் வளர்க்காவிட்டால், மேலே சொன்ன ஆறு கூடுதல் வெற்றிகள் எங்கிருந்தும் வரப்போவதில்லை. துணிந்து உதைத்துப் பந்தைப் பறிகொடுக்கும் இளைஞரை அடுத்த வாரம் அணியிலிருந்து நீக்கினால், மற்ற இருபத்திரண்டு பேரும் எல்லைக்கோட்டுக்கே திரும்பிவிடுவார்கள் என்பதைப் பயிற்சியாளரிடம் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

1966 இறுதிப் போட்டியில் காலிங்வுட்டை ஒரு புள்ளியில் வென்றதும், 2010 இறுதிப் போட்டியில் அதே காலிங்வுட்டோடு 68க்கு 68 என்று சமனில் முடித்து மறுவாரம் 56 புள்ளிகளில் தோற்றதும் உறுப்பினர் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தச் சமனான ஆட்டத்தில் நம் வீரர் ஸ்டீஃபன் மில்னுக்கு முன்னால் பந்து கோணலாக எழும்பிப் போனதைப் பற்றி இனியும் ஆவணப்படம் எடுத்து எங்களுக்குக் காட்ட வேண்டாம். மார்ச் 8 அன்று எதிரே நிற்பவர்களும் அவர்கள்தான் என்பதால், விளம்பரக் குழுவினர் அந்தக் காட்சிகளைத் தூசி தட்டத் தொடங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த விளம்பரத்துக்கு ஆகும் பணத்தில் உறுப்பினர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். அதில் மூன்று செய்திகள் போதும்: எட்டுக்குள் வருவதுதான் இலக்கா, இல்லையா, மேக்ஸ் கிங் இல்லாமல் கோல் எங்கிருந்து வரும், மார்ஷலும் டி கோனிங்கும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஆடுவது எப்படி. இலக்கு எட்டாம் இடம் என்று எழுதி ஒன்பதாம் இடத்தில் முடித்தால் நாங்கள் கோபப்படுவோம். கோபம் தணிந்ததும் மறுபடி வருவோம். இந்த ஆண்டுக்கான உறுப்பினர் கட்டணத்தை ஏற்கெனவே செலுத்திவிட்டேன். ஆகையால் எனக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் வேண்டாம். பதில் மட்டும் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
கழகத்தின் உறுப்பினர் ஒருவர்,
மெல்பர்ன்.