அறுவைக்கு முன்னும் பின்னும்: டெல்டா மாவட்ட ஈ.என்.டி. துறைத் தலைவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூருக்கு 1959இலும் திருவாரூருக்கு 2010இலும் நாகப்பட்டினத்துக்கு 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. டான்சில், சீழ் வடியும் காது, வளைந்த மூக்குத்தண்டு என்றிருந்த ஈ.என்.டி. துறையின் பேச்சு இன்று எண்டோஸ்கோப், நரம்பு மானிட்டர், காக்ளியர் இம்பிளான்ட் (கேளாத காதுக்குள் வைக்கும் மின்கருவி) என்று மாறியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது என்பதில் எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

எத்தனை இம்பிளான்ட் வைத்தோம் என்ற எண்தான் எங்கும் முன்னால் நிற்கிறது. அதோடு இன்னும் இரண்டு எண்களைச் சேருங்கள் என்று கேட்கிறோம். கேளாமை உறுதியான அன்று குழந்தைக்கு எத்தனை மாதம்? அறுவை முடிந்து ஓராண்டு கழித்து, இம்பிளான்டுக்கு ஒலியை அனுப்பும் வெளிக்கருவியான ப்ராசசர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குழந்தையின் தலையில் இருக்கிறது? இரண்டாவதற்குத் தாயை விசாரிக்கக்கூட வேண்டாம். இன்றைய ப்ராசசர்களில் பல, போட்டிருந்த நேரத்தைத் தாமே பதிந்துவைக்கின்றன. கருவியின் ஒலி அளவைக் குழந்தைக்கேற்ப அமைக்கும் மேப்பிங் மென்பொருளைத் திறந்தால் தெரிந்துவிடும்.

முதல் எண்ணிலிருந்து தொடங்குவோம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும்: இந்த 1-3-6 கணக்கு முதுகலை மாணவர் அனைவருக்கும் மனப்பாடம். அது அறுந்துபோவது வார்டில்.

பிறந்த அன்றே ஓ.ஏ.இ. (காதில் சிறு ப்ரோப்பை வைத்து உள்காதின் எதிரொலியைப் பார்க்கும் சோதனை) வைத்தால் நல்ல காதும் பல முறை ‘ரெஃபர்’ (மறுசோதனை தேவை) என்று காட்டும். காதுக்குழியில் பிறப்பின் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும், நடுக்காதில் நீர் இருக்கும். சிசேரியன் குழந்தைக்கு அது வற்ற இன்னும் நேரமெடுக்கும். 48 மணி நேரம் ஆகட்டும், பால் குடித்துத் தூங்கட்டும், பிறகு வைக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் மேசைக்கு முந்தைய மேசை இதுவாக இருந்தால் யாரும் தப்பிப் போக மாட்டார்கள். ப்ரோப் நுனித் துளையில் மாவு அடைத்துக்கொண்டால் அதற்குப் பின் வரும் குழந்தைகள் வரிசையாக ‘ரெஃபர்’ ஆவார்கள். காலையில் சோதிப்பவர் தன் காதிலேயே ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு வார்டுக்குப் போனால் இதைப் பிடித்துவிடலாம். விசிறியும் சக்‌ஷன் மெஷினும் ஓடும் இடத்தில் வைப்பது வீண். கதவைச் சாத்தக்கூடிய ஒரு சிறு அறை போதும். இன்னொரு தவறும் நடக்கிறது: ‘பாஸ்’ வரும்வரை பத்து முறை அழுத்திப் பார்ப்பது. பத்து முறை வைத்தால் தற்செயலாக ஒரு ‘பாஸ்’ வரத்தான் செய்யும்.

எஸ்.என்.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புக் கவனிப்புப் பிரிவில்) ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்றப்பட்ட குழந்தைக்கும் ஓ.ஏ.இ. ‘பாஸ்’ என்பது ஏமாற்று வேலை. அது உள்காதின் நத்தை வடிவச் சுருளிலுள்ள மயிரணுக்களை மட்டுமே கேட்கிறது. அவை நன்றாக இருந்து, நரம்பு சேதியைக் கடத்தாமல் போகும் நிலை இந்தக் குழந்தைகளுக்கு வரலாம். இவர்களுக்குக் கேள்நரம்பின் மின்னலையைப் பார்க்கும் தானியங்கி ஏ.பி.ஆர். கட்டாயம்.

இனி எங்கள் ஊர்ச் சிக்கல். தலைப்பிரசவம் தாய்வீட்டில். வேதாரண்யத்துப் பெண் வேதாரண்யத்தில் பெற்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கும்பகோணத்துக்கோ குத்தாலத்துக்கோ கணவன் வீடு போகிறாள். ‘ரெஃபர்’ சீட்டில் இருப்பதோ தாத்தாவின் போன் எண். சரியாக மறுசோதனைக் காலத்தில் குழந்தை மாவட்டம் மாறிவிடுகிறது. ஆகவே சீட்டில் இரண்டு முகவரி, இரண்டு போன் எண் வேண்டும். முடிவைத் தாயின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணோடு சேர்த்துப் பதிந்தால் எந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரும் தேடிப்பிடிக்கலாம். மறுசோதனைக்குத் தனி நாள் கொடுக்க வேண்டாம். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் வருவார்கள். அந்தப் புதன்கிழமையே ஓ.ஏ.இ. கருவியும் அங்கே இருக்கட்டும். வருமுன் காதில் எண்ணெய் விட வேண்டாம், குளிப்பாட்டும் பாட்டி காதில் ஊதவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேளாமையை உறுதிசெய்யும் பெராவை (அதே ஏ.பி.ஆர்.தான், விரிவான வடிவில்) தள்ளிப்போடுவதிலும் நட்டம் உண்டு. மூன்று மாதக் குழந்தை வயிறு நிறைந்தால் தானே தூங்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு மயக்க சிரப் வேண்டும், அதற்கு ஒரு மருத்துவர் பக்கத்தில் வேண்டும். தோலைத் துடைத்து எலக்ட்ரோடு தடையை 5 கிலோ ஓமுக்குள் கொண்டுவராமல் எடுத்த வரைபடத்தை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. கிளிக் ஒலி மட்டும் போதாது, அது 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையில்தான் பெரும்பாலும் பேசும். 500 ஹெர்ட்ஸில் டோன் பர்ஸ்ட்டும் (ஒரே சுருதியில் எழும் சிறு ஒலி) எடுத்தால்தான் ஹியரிங் எய்டைச் சரியாகப் பொருத்த முடியும்.

சொந்தத்தில் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. பிறவிக் கேளாமையோடு தொடர்புடைய ஜி.ஜே.பி.2 மரபணுவில் டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம் இந்தியாவில் பரவலாகக் காணப்படுவது. தாய்க்கும் தந்தைக்கும் குறை இருக்காது, இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்து சேரும்போதுதான் குழந்தைக்கு வெளிப்படும். ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவருக்கு இதைக் கொடுங்கள். பழி மருமகள் தலையில் விழாதபடி எடுத்துச் சொல்லும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுங்கள்.

அறுவையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை. நியூமோகாக்கல் தடுப்பூசி மட்டும் குறைந்தது இரண்டு வாரம் முன்னரே முடிந்திருக்க வேண்டும். உள்வைப்புள்ள காதில் சீழ் பிடித்தால் மூளைக்காய்ச்சல் அபாயம் கூடுதல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓர் அட்டை கொடுத்தனுப்புங்கள்: காய்ச்சலோடு காதுவலி என்றால் அன்றே அனுப்பவும், தலை, கழுத்துப் பகுதியில் மோனோபோலார் காட்டரி (மின்சாரத்தால் சுடும் அறுவைக் கருவி) கூடாது, கேட்காமல் எம்.ஆர்.ஐ. கூடாது. மூன்றே வரி.

உண்மையான வேலை, மூன்று நான்கு வாரம் கழித்துக் கருவியை முதன்முதலாக ஸ்விட்ச் ஆன் செய்யும் அன்றுதான் தொடங்குகிறது. அன்று குழந்தை அழும், சில குழந்தைகள் வெறுமனே விழிக்கும். கேட்டவுடன் பேசிவிடும் என்று நம்பி வந்த குடும்பம் அன்றே சோர்ந்துபோகும். முதல் சில மாதங்களில் மேப் அடிக்கடி மாறும். ஒவ்வொரு முறையும் வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் வர வேண்டும் என்றால், சம்பா நடவு நேரத்தில் யார் கூலியை விட்டுவிட்டு வருவார்கள்? மேப்பிங்குக்கு வேண்டியது ஒரு லேப்டாப், அந்தந்த நிறுவனத்தின் இடைமுகப் பெட்டி, கேபிள், வேலை தெரிந்த ஒரு ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்). ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இன்னொன்றின் கருவியைத் திறக்காது, அதனால் பெட்டிகள் ஒவ்வொரு வகைக்கும் வேண்டும். மாதத்தில் ஒரு நாள் இவை திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் போகலாம். குழந்தைகளை ஊர் ஊராக இழுப்பதைவிட ஒரு பெட்டியைக் காரில் ஏற்றுவது எளிது.

வீட்டில் தினமும் செய்ய வேண்டியது லிங் ஒலிச் சோதனை. வாயை மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் வரிசை மாற்றிச் சொல்ல வேண்டும். நேற்றுவரை ‘ஸ்’ஸுக்குத் திரும்பிய குழந்தை இன்று திரும்பவில்லை என்றால் மைக் உறையில் வியர்வையா, கேபிள் முறிவா என்று பார்க்க வேண்டும். இதைத் தாய்க்குக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

இதோடு நம் மொழிக்கென்று ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம் பேச்சில் ‘வந்தான்’ என்பதன் கடைசி மெய் தேய்ந்து மூக்கொலியாகிவிடுகிறது, ‘வந்தாள்’ வெறும் ‘வந்தா’ ஆகிறது. ஆணா பெண்ணா என்பதே அந்த மெல்லிய மூக்கொலியில் தொங்குகிறது. இத்தகைய இணைச் சொற்களைத் தஞ்சை வட்டாரப் பேச்சிலிருந்து தொகுத்து ஒரு பட்டியல் செய்தால், ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு திணற வேண்டியிருக்காது. இதுவும் ஒரு நல்ல ஆய்வுத் தலைப்புதான். (தவில் கலைஞர்களின் செவித்திறன் இன்னொன்று. அதற்கு நம்மைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?)

கடைசியாகப் பராமரிப்பு. ப்ராசசர் பழுதாவதில் பெரும்பங்கு ஈரத்துக்கும் வியர்வைக்கும். இரவில் டிரை பாக்ஸில் வைக்க வேண்டும். நீல நிற சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் அது ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று பொருள். ஜிங்க் ஏர் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் ஓரிரு நிமிடம் காற்றில் விட்டுப் பிறகு போட வேண்டும். அது காற்றில் இயங்குவது, துளையை மூடினால் நின்றுபோகும். முதலில் முறிவது பெரும்பாலும் தலையில் ஒட்டும் வட்டான ‘காயி’லை ப்ராசசரோடு இணைக்கும் கேபிள், அதுவும் செருகும் முனையில். முறிந்த கேபிளுக்குக் கோரிக்கை எழுதி, மாற்று வந்து சேரும்வரை அந்தக் குழந்தை கேளாமல் இருக்கிறது. பழகிய ஒலிகளும் அதற்குள் நழுவுகின்றன. துறை ஸ்டோரில் ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கேபிளும் தற்காலிகமாகக் கொடுத்து வாங்க ஒரு ப்ராசசரும் இருந்தால் இந்த இடைவெளி ஒரு நாளாகச் சுருங்கும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். கேபிளுக்கும் சிலிக்கா ஜெல்லுக்குமான கோரிக்கையை ஆவணிக்குள் அனுப்பிவிட்டால் இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கே கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையில் செவித்திறன் சோதனையிலும் மேப்பிங்கிலும் பேச்சுப் பயிற்சியிலும் பணிபுரிவோர்