சுவரில் யார் பெயரும் விட்டுப்போகக் கூடாது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளியின் முன்பக்கச் சுவரில் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வரையப்போகும் ஓவியம் எப்போது தொடங்கும் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். போருக்குப் போய் வந்தவர்களையும், போய்த் திரும்பாதவர்களையும் நினைவுகூரும் ஓவியம் அது. சுவரைச் சுரண்டி, விரிசல் அடைத்து, பிரைமர் அடித்தாயிற்று. காய்ந்ததும் நூல் பிடித்துக் கட்டம் போட வேண்டியதுதான். அதற்குள் உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் முதலில் வரைந்து வந்த மாதிரிப் படங்களில் பெரும்பாலும் பீரங்கி, துப்பாக்கி, தீ. அதில் தப்பில்லை. போர் என்றால் அவர்கள் கண்டது அதுதான். அப்புறம் முன்னாள் வீரர்கள் சிலரை வகுப்புக்கு அழைத்தோம். ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. முகாமில் இருந்தபோது அவருடைய அம்மா அனுப்பியது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறார். "இதை வரையலாமா தாத்தா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவர் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஓவியத்தின் நடுவில் இப்போது அந்தக் கடிதம்தான் வரப்போகிறது, கிழிசலோடும் ஒட்டுத் துணியோடும்.

ஆயுதமே இல்லாமல் போரைக் காட்ட முடியுமா என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கெர்னிக்கா நகரம் விமானக் குண்டுவீச்சில் எரிந்தது. அந்தக் கொடுமையை ஓவியர் பிக்காசோ ஏழு மீட்டருக்கும் அதிகமான அகலத்தில் வரைந்தார். தேடிப் பார்த்தாலும் அதில் ஒரு விமானம் கிடையாது. இறந்த பிள்ளையைக் கையில் ஏந்தி அலறும் தாய் இருக்கிறாள். அவளைப் பார்த்த பிறகு விமானம் எதற்கு?

சரி, உதவிக்கு வருகிறேன். ஓவியத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். பதவி போடப்போவதில்லை, வெறும் அகர வரிசை. இதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1917இல், பிரிட்டிஷ் பேரரசின் சார்பில் இறந்தவர்களுக்காக ஒரு போர்க் கல்லறை ஆணையம் அமைக்கப்பட்டது. பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோரையும் ஒரேபோல நினைவுகூர வேண்டும் என்பதுதான் அதன் கொள்கை. ஆனாலும் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்து போனவர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படாமலே போனார்கள். 2021இல்தான் அந்த ஆணையம் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே அப்படி என்றால், நம் பட்டியலை எத்தனை முறை சரிபார்த்தாலும் தகும்.

ஆகவே உங்கள் வீட்டில், உறவில் யாராவது விட்டுப்போயிருந்தால் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி ஓட்டியவர், சமைத்துப் போட்டவர், காயத்துக்குக் கட்டுப் போட்ட செவிலியர், மூட்டை சுமந்தவர், எல்லோரும் வேண்டும். பெயரை வீட்டில் எப்படி எழுதுவீர்களோ அப்படியே எழுதுங்கள். குடும்பத்துக்கு விருப்பமில்லை என்றால் பெயர் வராது. காரணம் கேட்க மாட்டோம்.

இன்னொன்று. போரால் வீடு விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு இந்தப் பேச்சு பாரமாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், வேறு வேலை கொடுக்கலாம். "எத்தனை பேரைக் கொன்றீர்கள்?" என்று வீரர்களிடம் கேட்கக் கூடாது என்பதையும் வீட்டில் ஒருமுறை சொல்லிவையுங்கள்.

வரையும் நாளில் பழைய உடுப்பில் அனுப்புங்கள், பெயிண்ட் போகாது. சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் சின்ன வகுப்புகளுக்கு, அவர்கள் கை எட்டும் உயரம் வரை. முதல் கோட்டைக் கடிதத்துக்காரரே போடுவதாகச் சொல்லியிருக்கிறார். கை நடுங்குமாம், யாராவது ஒரு பிள்ளை கூடப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்