பரோசாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் மார்ச் மாதம், அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது வந்தது. ஜூலை பாதி கடந்த பிறகே பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னியுங்கள். எல்லாம் திராட்சைச் சாறுதானே, ஒரு புட்டி ஒயினுக்கும் இன்னொரு புட்டிக்கும் இத்தனை விலை வித்தியாசம் எதனால் என்று கேட்டிருந்தீர்கள். விவசாயியான உங்களுக்கு இது எளிதில் விளங்கும். வித்தியாசம் கொடியிலேயே தொடங்கிவிடுகிறது.

இதே தெற்கு ஆஸ்திரேலியாவில் சென்ற ஆண்டு நான் இருந்த, மலிவான ஒயின் தயாராகும் ரிவர்லேண்ட் பகுதியில் மழை குறைவு, வெயில் கடுமை. முர்ரே ஆற்று நீர் பாய்வதால் கொடிகள் ஏராளமாகக் காய்க்கும். இரவின் குளிர்ச்சியில் பெரிய இயந்திரம் வரிசை வரிசையாகக் கொடிகளை உலுக்கிப் பழங்களை உதிர்த்துக்கொண்டு போகும். சாறு பிரம்மாண்டமான ஸ்டீல் தொட்டிகளில், தேர்ந்தெடுத்த ஈஸ்ட் சேர்த்து, வெப்பம் கட்டுக்குள் வைக்கப்பட்டு நொதிக்கும். மரத்தின் மணம் வேண்டுமென்றால் பீப்பாய்க்குப் பதிலாக ஓக் மரச் சீவல்களைத் தொட்டியில் போடுவார்கள். சில மாதங்களில் வடிகட்டி விற்பனைக்கு அனுப்பிவிடலாம். ஒயினை அட்டைப் பெட்டிக்குள் பையில் அடைத்து விற்கும் முறையே அங்குள்ள ரென்மார்க் ஊரில் 1965-இல் தாமஸ் ஆங்கோவ் என்ற ஒயின் தயாரிப்பாளர் கண்டுபிடித்ததுதான். இதைக் கலப்படம் என்று எண்ண வேண்டாம். ஆண்டுதோறும் ஒரே சுவையில், சாதாரண மக்கள் வாங்கும் விலையில் தருவதும் ஒரு திறமையே என்பதை அங்கே வேலை செய்து உணர்ந்தேன்.

விலை உயர்ந்த ஒயின் தயாராகும் இங்கே பரோசாவில், ஷிராஸ் என்னும் கருந்திராட்சைக் கொடிகளுள் சிலவற்றுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. உலகின் பல நாடுகளில் கொடிகளை அழித்த ஃபைலோக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வராததால் இவை பிழைத்திருக்கின்றன. வயதான கொடிகள் காய்ப்பது குறைவு, பழமும் சிறியது; ஆனால் நிறமும் துவர்ப்பும் மணமும் தோலில்தான் இருப்பதால், சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடிச் சுவை செறிவாகிறது. கையால் பறித்து, அழுகியதைக் கழித்து, சிறு தொட்டிகளில் நொதிக்கவிட்டு, மேலே மிதந்து வரும் தோலை நாளுக்கு இரண்டு மூன்று முறை அமிழ்த்துகிறோம். பிறகு 300 லிட்டர் ஓக் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் காத்திருப்பு. மரத்தின் வழியே ஒயின் சிறிது சிறிதாக ஆவியாகும். குறைந்ததை அடிக்கடி நிரப்பாவிட்டால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். அத்தனை உழைப்புக்கும் ஒரு பீப்பாயில் கிடைப்பது சுமார் 400 புட்டிகள். அதிலும் சரியில்லாத பீப்பாயை மலிவான ஒயினுக்கு ஒதுக்கிவிடுவார்கள். பெயருக்காகவும் விலை ஏறுகிறது என்பதை நான் மறுக்கவில்லை.

அம்மா கவலைப்பட வேண்டாம். சோதிப்பதற்காக வாயில் வைத்துத் துப்பிவிடுகிறோம், குடிப்பதில்லை.

இங்கே இப்போது குளிர்காலம், கவாத்து நடக்கிறது. அடுத்த அறையில் தங்கியிருக்கும் பெரியவர், பேச்சே இல்லாதவர், ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு மொட்டுகளை மட்டும் விட்டு வெட்ட எனக்குக் கைபிடித்துக் கற்றுத் தந்தார். நேற்றுக் காலை உறைபனியில் விரல்கள் மரத்துப்போய், கத்தரியை இறுக்க முடியாமல் நின்றேன். தாங்கும் அளவுக்குத்தான் மரம் பிஞ்சை வைத்துக்கொள்ளும் என்று மாமரத்தடியில் நீங்கள் சொன்ன குரல் அப்படியே காதில் விழுந்தது. அடுத்த கொடிக்கு நகர எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

குளிர்காலத்தில் வேலை நாட்கள் சற்றுக் குறைவு என்பதால் பணம் இம்முறை இரண்டு தவணையாக வரும். அதைப் பற்றி யோசிக்காதீர்கள். முதல் தவணையில் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். உங்கள் கண் அறுவை சிகிச்சையை இனியும் தள்ளிப்போட வேண்டாம். தேதி குறித்ததும் எழுதுங்கள். கிணற்றடி நிலத்தைக் குத்தகைக்கு விடுவது பற்றிச் சித்தப்பா மீண்டும் கேட்டால், நான் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்