விசில் வேண்டாம், முருகேசா

கோத்தகிரி
ஐப்பசி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கி எதிர்வீடு தெரிவதில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குக் கூடலூரில் வேலை கிடைத்துவிட்டது, தங்கச்சியிடம் சொல்லிவிடு.

கொடைக்கானல் பெருமாள்மலைப் பக்கம் விடுதிப் பிள்ளைகளுக்குச் சாயங்கால விளையாட்டு தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். முப்பது பேர்; பாதி பளியர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள், மீதி எஸ்டேட் பிள்ளைகள்; அப்பா அம்மாவில் ஒருவரை இழந்தவர்கள், குடியால் உடைந்த வீட்டிலிருந்து வந்தவர்கள். நல்ல காரியம். ஃபுட்பால் டீம் கட்டிப் பொங்கலுக்குள் டோர்னமென்ட் என்றாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. நீ கேட்காமலே நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அடி, பசி, இழப்பு என்று வளர்ந்த பிள்ளையின் உடம்பு எந்நேரமும் அடுத்த ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கும். சின்னச் சத்தத்துக்கே சிலருக்கு நெஞ்சு படபடக்கும். சிலர் அசையாமல் உறைந்து நின்றுவிடுவார்கள். ஓடிப்பிடித்து ஆடும்போதும் அதே படபடப்புதான் வருகிறது. ஆனால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏறிய படபடப்பு இறங்கவும் செய்யும் என்று உடம்பு பழகுவதுதான் இதில் கிடைக்கிற பெரிய லாபம். தோல்வியும் அப்படியே. அடுத்த ஆட்டத்தில் அழிந்துபோகிற தோல்வி அந்தப் பிள்ளைகளுக்குப் புதுசு. டோர்னமென்டில் தோற்றால் அடுத்த ஆட்டம் கிடையாது. பதினோரு பேரைப் பொறுக்கி எடுத்தால் மீதிப் பேர் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டவேண்டும். எந்தப் பிள்ளைக்காக இதைத் தொடங்குகிறாயோ, அது முதல் வாரத்திலேயே வெளியே போய்விடும்.

பளியர் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. ஒருவரை ஒருவர் விஞ்சிக் காட்டுவதும், குரலை உயர்த்திச் சண்டை போடுவதும் அவர்கள் வழக்கத்தில் மதிப்பான காரியமில்லை. சச்சரவு வந்தால் ஒதுங்கிப் போவதுதான் அவர்கள் முறை. மானிடவியல்காரர்கள் பல காலமாகவே எழுதிவருவது இது. கூச்சல் தொடங்கியதும் ஒரு பையன் மைதானத்தை விட்டு நடந்தால் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்.

முதலில் நேரம். வாரம் இரண்டு நாள் போதும். ஆனால் அதே கிழமை, அதே மணி, அதே ஆள். 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது உண்மைதான். ஆனாலும் வந்தால் வரும், போனால் போகும் என்கிற ஐந்து நாளைவிடத் தவறாத இரண்டு நாள் இந்தப் பிள்ளைகளுக்கு உதவும். வரமுடியாத நாளை முந்தின வகுப்பிலேயே சொல்லிவிடு. சீசனுக்கு வந்து இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுக் கீழே இறங்கிப் போகிற தன்னார்வலர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்காதே. பந்துக்குக் காற்றடிக்கட்டும், புண்ணியம்.

முப்பது பேரையும் ஒன்றாக இறக்காதே. பதினைந்து பதினைந்தாகப் பிரி. ஒவ்வொரு குழுவுக்கும் பெரியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். ஒருவர் ஆட்டத்தை நடத்தட்டும். மற்றவர் பந்தைப் பார்க்கவே கூடாது, ஓரத்தில் நிற்கிற பிள்ளைகளைத்தான் பார்க்கவேண்டும். சாயங்காலம் நாலே காலுக்குத் தொடங்கி ஐந்தே காலுக்கு முடித்துவிடு. இருட்டுக்கு முன்னால் எல்லோரும் விடுதிக்குள் இருக்கவேண்டும். காட்டுமாடு புல்லுக்கு இறங்குகிற நேரமும் அதுதான்; தொடங்குமுன் யாராவது ஒருவர் மைதானத்தைச் சுற்றி வந்து பார்த்துவிடுவது நல்லது.

அந்த ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள். முதல் பத்து நிமிடம் வட்டம். பந்தை உருட்டிவிட்டு, யாருக்குப் போகிறதோ அவர் பெயரைச் சொல்வது. இன்று உடம்பும் மனசும் எப்படி என்று விரலால் காட்டச் சொல்: ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் ஜோர். காரணம் கேட்காதே. ஒன்று காட்டிய பிள்ளையை மனசில் வைத்துக்கொள், அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க. உங்கள் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கீழ்நாட்டைவிடக் குறைவு. லீவு முடிந்து சமவெளியிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு முதல் சில நாள் வேகமான ஓட்டம் கூடாது. பிறகு இருபத்தைந்து நிமிடம் பெரிய ஆட்டம். கடைசிப் பதினைந்து நிமிடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. ஐந்தாங்கல், ஒற்றைக்காலில் நிற்பது, நீள மூச்சு விடுவது. பிறகு மறுபடி வட்டம், அடுத்த வகுப்பில் என்ன ஆட்டம் என்று சொல்லி முடிப்பது. பெரிய ஆட்டம் சூடாக இருக்கிறதே என்று இந்த நேரத்தைத் தின்றுவிட்டால், ஏறின படபடப்போடு பிள்ளைகள் விடுதிக்குப் போவார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டு வரிசையில் சண்டை நடக்கும். வார்டன் விளையாட்டைத்தான் குற்றம் சொல்வார்.

விசிலைப் பையிலேயே போட்டு வை. திடீரென்று காதைக் கிழிக்கிற சத்தம்தான் பலருக்கு வீட்டில் அடி தொடங்கிய அடையாளம். நீ கையைத் தூக்கு, பார்த்தவர்கள் எல்லோரும் தூக்கட்டும். கொஞ்ச நாளில் விசிலைவிட வேகமாக ஆட்டம் நிற்கும். பிள்ளைகளுக்கும் ஒரு சைகை கொடு. இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே வைத்தால், யார் வைத்தாலும் எதிரில் இருப்பவர் உடனே நிறுத்தவேண்டும். மரத்தடியில் ஒரு பாய் விரித்து வை. தாங்கமுடியாத பிள்ளை தானாகப் போய் உட்கார்ந்து தானாகவே திரும்பி வரலாம். 'போய்ப் பாயில் உட்கார்' என்று நீ ஒருமுறை சொல்லிவிட்டால் அது தண்டனைப் பாயாகிவிடும், அப்புறம் ஒருவரும் போகமாட்டார்கள்.

ஆட்டங்களைக் கொஞ்சம் திருத்தவேண்டியிருக்கும். கபடியில் பிடிபடுவதே சிக்கல். அடி உதை பார்த்த பிள்ளையை நாலு பேர் சேர்ந்து அமுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொள்ளட்டும், துண்டை உருவினால் பிடித்ததாகக் கணக்கு. பாடிப் போகிற நேரம் விதிப்படி 30 விநாடி. உங்கள் உயரத்தில் 15 போதும். கோ-கோவில் பின்னாலிருந்து முதுகைத் தொட்டுக் 'கோ' சொல்வார்களே, அதை முன்பக்கம் வந்து கையில் தட்டுவதாக மாற்று. கண்ணாமூச்சிக்குத் துணி கட்டாதே, அவரவர் கையாலேயே கண்ணைப் பொத்திக்கொள்ளட்டும். வேண்டாமென்றால் திறந்துகொள்ள முடியவேண்டும். ஓடிப்பிடித்து ஆட்டத்தில் அவுட் ஆனவர் உட்காரக்கூடாது. பிடிப்பவரோடு கைகோத்துச் சங்கிலியில் சேரட்டும். எல்லோரையும்விட மெதுவாக ஓடுகிற பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும், ஓட்டம் அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான்.

என்னைக் கேட்டால் ஃபுட்பாலுக்கு முன்னால் கிளித்தட்டு, கட்டம் போட்டுக் கோட்டில் நிற்பவர்கள் கடப்பவர்களை மறிக்கிற ஆட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, அந்தக் கோடு அவர் பொறுப்பு. ஓட முடியாத பிள்ளையும் தட்டை மறித்து நிற்கலாம். பதினைந்து பேருக்கு 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் தாராளம். கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம், ஈரக் கையால் கண்ணைத் தேய்த்தால் வெந்துவிடும். கோலமாவு போடு, மழைநாளில் பழைய சாக்குக்கயிறு. டீம் பிரிக்க இரண்டு லீடரை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்லாதே. கடைசியில் மிஞ்சுகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டாம். ஒரு பையில் இரண்டு நிறக் கயிறு போட்டு ஒவ்வொருவராக எடுக்கச் சொல். ஒரு பக்கம் மூன்று புள்ளி முந்தினால் ஓர் ஆளை எதிர்ப்பக்கம் அனுப்பட்டும். யார் போவது என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சே பாதிப் பாடம்.

பந்து வாங்கத்தான் போகிறாய், எனக்குத் தெரியும். 8 முதல் 12 வயதுக்கு 4ஆம் நம்பர், அதற்குக் கீழே 3. வத்தலக்குண்டில் கடைக்காரர் காற்றடித்துக் கொடுத்த பந்து மேலே வந்ததும் இறுகிப்போகும். மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதுதான் காரணம். மேட்ச் பந்துக்குக் குறைந்தபட்சம் எட்டரைப் பவுண்டு காற்று. பழகுகிற பிள்ளைக்கு ஆறு பவுண்டு போதும். அப்போது கால் வலிக்காது, சரிவில் எஸ்டேட்டுக்குள் ஓடியும் தொலையாது. ஊசியைத் தண்ணீரில் நனைத்துச் செருகு. உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். ஷூ எல்லோருக்கும் இருந்தால் எல்லோரும் போடட்டும், இல்லாவிட்டால் எல்லோரும் வெறுங்கால். ஷூக்காலும் வெறுங்காலும் கலந்து ஆடினால் விரல் நசுங்குவது ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி சுண்டலும் தண்ணீரும் கொடு. வெறும் வயிற்றில் டீயோடு வருகிற பிள்ளை அரைமணியில் சோர்ந்து எரிச்சல்படும், நாம் அதைக் குணக்கேடு என்று நினைப்போம். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுக்கச் சொல். எங்கள் பக்கத்தில் இன்னொரு கவலை உண்டு, சிக்கிள் செல் ரத்தசோகை; ரத்தத்தின் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய். நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பது 1952லேயே பதிவானது. உன் விடுதியில் இருளர், பணியர், குறும்பர் பிள்ளைகள் இருந்தால் மருத்துவ அட்டையைப் பார்த்துவிடு. அந்த நோய் இருக்கிற பிள்ளையும் விளையாடலாம். கால்மணிக்கு ஒருமுறை தண்ணீர், ஈர உடையை உடனே மாற்றுவது, 'முடியல சார்' என்றால் மறுபேச்சு இல்லாமல் ஓய்வு. குளிரும் தண்ணீர்க் குறைவும் அளவு மீறின களைப்பும் சேர்ந்தால் கை கால் வலி பிடித்துவிடும். நெஞ்சு வலியோ காய்ச்சலோ வந்தால் ஆஸ்பத்திரிதான். தப்பு செய்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பழைய பி.டி. பழக்கத்தை இதற்காகவாவது விட்டுவிடவேண்டும்.

பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள், அதற்கும் தயாராக இரு. மரத்தடியில், பந்தைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொல்வார்கள். குறுக்குக் கேள்வி கேட்காதே, 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று சத்தியமும் செய்யாதே. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வை. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. தூக்கமில்லாமல் அலறுகிற பிள்ளைக்கும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளைக்கும் கிளித்தட்டு போதாது. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, அதில் தமிழிலேயே பேசலாம். அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடமும் காட்டவேண்டும்.

படிப்பு கெடும் என்று வார்டன் சொன்னால், விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று சொல்கிற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவைக் காட்டு. இந்தியா 1992லேயே அதை ஏற்றிருக்கிறது. நம் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்கிறது. சட்டம் பேசி அவர் மனசு மாறும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை, ஒரு மாதம் பிள்ளைகள் ஒழுங்காகத் தூங்கினால் மாறுவார். ஒரு நோட்டுப் போடு. யார் வந்தார்கள், தோற்றபின் ஆட்டத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது, யாரோடு சேர்ந்து ஆடினார்கள். இந்த மூன்று போதும். கோப்பைக் கணக்கு வேண்டாம். டோர்னமென்ட் ஆசை விடாவிட்டால் வருஷக் கடைசியில் விடுதிக்குள்ளேயே கலப்பு டீம் போட்டு நடத்து, எல்லா டீமும் எல்லா டீமோடும் ஆடுகிற மாதிரி.

மைதானத்தின் நீள அகலத்தை அளந்து எழுது. சரிவு எந்தப் பக்கம், மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது, பெண்பிள்ளைகளுக்குக் கக்கூஸ் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து எழுது. துண்டு பத்தும் கயிறு இரண்டும் இங்கே சும்மா கிடக்கின்றன, அடுத்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜு